வரவேற்புக் குழுவும் மூன்று சோடிச் சப்பாத்தும்

நான் என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் களவெடுத்திருக்கிறேன். அதைக் கோவிலில் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போது, நெஞ்சில் ‘நல்வரவு’ என்று எழுதிய அட்டையைக் குத்திக்கொண்டு செய்தேன். செய்து முடித்துவிட்டுத் திரும்பி வந்து என் இடத்தில் அமர்ந்து, விருந்தோம்பலைப் பற்றிய பிரசங்கத்தைக் கேட்டு ‘ஆமென்’ என்றும் சொன்னேன்.

(கிறிஸ்தவத் தேவாலயத்தையும் நாங்கள் கோவில் என்றுதான் சொல்வோம். என் கணவர் சிவநேசன் யாழ்ப்பாணத்துச் சைவக்காரர். நான் திருகோணமலை அங்கிலிக்கன். ஆகவே எங்கள் வீட்டில் ஒருவர் “கோவிலுக்குப் போறன்” என்றால் மற்றவர் “எந்தப் பக்கம்?” என்று கேட்பது வழக்கம்.)

மொன்றியலில் லாசாலுக்குக் குடிவந்தபோது, எங்கள் அடுக்குமாடியிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு பழைய கல்லுக்கோவில் இருப்பதைக் கண்டு எனக்குப் பெரிய சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமைகளில் இருபத்துமூன்று பேர் வருவார்கள். அவர்களுடைய வயதையெல்லாம் கூட்டினால் அப்போஸ்தலர் காலத்துக்கே போய்விடலாம். பாதிரியார் ஹெலன் என்ற பெண்மணி. அதைச் சொன்னதும் சிவா, “ஐயர் பொம்பிளையோ?” என்று நாலு தடவை கேட்டார். பிறகு என்னைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, உள்ளே வராமல், காரிலேயே இருந்து தமிழ் வானொலி கேட்கத் தொடங்கினார். “உங்கட ஆண்டவர் உம்மைப் பாக்கட்டும், நான் காரைப் பாக்கிறன்” என்பது அவர் சொன்ன காரணம்.

முதல் ஞாயிறு நான் தனியாகப் போய் மூன்றாவது வாங்கில் அமர்ந்தேன். ஒரு வயதான அம்மா வந்து என் தோளை மெல்லத் தொட்டு, மிகவும் அன்பான குரலில், “அது டோரதி இருக்கும் இடம்” என்றார். நான் எழுந்து கடைசி வாங்குக்குப் போனேன். அடுத்த ஞாயிறு டோரதி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. டோரதி இறந்து இரண்டு வருடமாகிவிட்டது என்ற செய்தி எனக்கு ஈஸ்டர் அன்றுதான் தெரியவந்தது. (அன்றே மூன்றாவது வாங்கைப் பிடித்துக்கொண்டேன். நாளும் நல்ல நாள், டோரதி எழுந்து வந்து கேட்டால் கொடுத்துவிடலாம் என்று முடிவெடுத்தேன்.)

அந்த வாங்கில் நான்கு வருடம் தனியாக இருந்தேன். பாட்டுகளின் மெட்டெல்லாம் எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரிந்தவை, சொற்கள் மட்டும் ஆங்கிலம். அவர்கள் ஆங்கிலத்தில் பாட, நான் வாய்க்குள் தமிழில் பாடுவேன். ஒரு ஆள் மட்டும் தமிழில் பாடினால் அது முணுமுணுப்பு, இரண்டு பேர் பாடினால்தான் பாட்டு. என் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. சில ஞாயிறுகளில் அழுகை வருமளவுக்கு ஆசையாக இருந்தது.

ஆகவே வருடாந்தக் கூட்டத்தில், புதியவர்களை வரவேற்க ஒரு குழு வேண்டும் என்று ஹெலன் கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். வேறு யாரும் தூக்கவில்லை. அப்படித்தான் எனக்கு முப்பத்தெட்டு வயதில் வரவேற்புக் குழுத் தலைவி பதவி கிடைத்தது. உறுப்பினரும் நானே. முதல் கூட்டத்தை எங்கள் குசினியில் நடத்தி, எல்லாத் தீர்மானங்களையும் ஏகமனதாக நிறைவேற்றினேன். ஆங்கிலம், பிரெஞ்சு, தமிழ் என்று மூன்று மொழியில் நெஞ்சில் குத்தும் அட்டை செய்தேன். பெயர், விலாசம் எழுத ஒரு கொப்பி வாங்கினேன். அடுத்த பத்து மாதத்தில் ஒரே ஒருவர் வந்தார். அவர் கழிவறை தேடி வந்தவர். அவருக்கும் கோப்பி கொடுத்து விலாசத்தை எழுதி வாங்கிவிட்டேன்.

இந்த நிலையில்தான் மலரைக் கண்டேன். எங்கள் தெருமுனையில் காசு போட்டு உடுப்புத் தோய்க்கும் கடையில், உலர்த்தும் மெஷினுக்கு முன்னால் நின்று ஒரு பெண் எங்கள் கோவில் பாட்டு ஒன்றைத் தமிழில் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்த ஈரத் துவாய் கீழே விழுந்தது.

“தங்கச்சி, நீங்கள் வேதக்காரரோ?” என்று கேட்டேன்.

“ஓம் அக்கா. மட்டக்களப்பு. நாங்க வந்து அஞ்சு மாசம்தான்.”

கணவர் அருள்நாதன், ஒன்பது வயது மகள் சாரா. ஊரில் அங்கிலிக்கன் கோவிலாம். (அதைக் கேட்டதும் நான் அவளைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவள் மெஷினோடு ஒட்டிக்கொண்டு நின்றாள், பாவம்.) நான் விடுவேனா? அந்தக் கிழமை மூன்று தடவை தொலைபேசி எடுத்தேன். மூன்றாவது தடவை மலர் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“அக்கா, இஞ்சத்தக் கோவில் முறை எங்களுக்கு ஒண்டும் தெரியா. எப்பிடி வாற, எங்க இருக்கிற...”

“ஒண்டுக்கும் யோசிக்காதையுங்கோ. மூண்டாவது வாங்கு, இடப்பக்கம். உங்கட வீட்டுக்குள்ள போற மாதிரி நினைச்சுக்கொண்டு உள்ளுக்கு வாங்கோ.”

“சரி அக்கா. வீட்டுக்குள்ள வாற மாதிரியே வாறம்.”

அதற்குப் பிறகு அவள் இன்னொரு விஷயமும் சொன்னாள். அந்த ஞாயிறு இரண்டு மணிக்கு அருளுக்கு முதல் வேலை நாள். லாசாலிலேயே ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. ஐந்து மாதமாக ஏறி இறங்கிக் கிடைத்த வேலை. விரலுக்கு மேல் இரும்புத் தகடு வைத்த சப்பாத்து இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்களாம், பிந்திப் போனால் அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். சப்பாத்து வாங்கியாயிற்று, கோவில் முடிய அதோடேயே வேலைக்குப் போய்விடுவார் என்றாள். நான் “நல்லது, நல்லது” என்றேன். என் மனம் அப்போது எத்தனை ரோல்ஸ் பொரிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிறு மைனஸ் இருபத்துநாலு. நான் அறுபது ரோல்ஸோடு போய் இறங்கினேன். பத்தேகாலுக்கு வாசலில் அட்டையும் சிரிப்புமாக நின்றேன். பத்து இருபத்தைந்துக்குக் கீழேயிருந்து ஒரு கருகல் மணம் வந்தது. சூடாக்குவதற்காக ரோல்ஸை நிலவறைக் குசினி அடுப்பில் வைத்தது நினைவு வர, படியால் ஓடினேன். நான் திரும்பி மேலே வந்தபோது மூன்று பேரும் ஏற்கெனவே உள்ளே போய், மூன்றாவது வாங்கில், முழங்காலுக்குக் கீழே தொங்கும் குளிர்க் கோட்டுகளோடு அமர்ந்திருந்தார்கள். மலர் என்னைக் கண்டு சிரித்தாள். நான் அவள் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு இருந்தேன்.

முதல் பாட்டு தொடங்கியது. எல்லோரும் எழுந்தோம். மலர் கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்சமும் கூச்சப்படாமல், தமிழில் உரத்துப் பாடினாள். நானும் பாடினேன். முன்வாங்குக் கிழவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். எனக்குக் கண் கலங்கியதை மறைக்கக் கோவில் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கூரையைப் பார்த்தவள் ஒரு தடவை தரையைப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரை எழுதவேண்டி வந்திராது.

பிரசங்கத்துக்குச் சற்று முன்னர் கோவில் நிர்வாகி வால்ட்டர் குனிந்து வந்து என் காதில் கிசுகிசுத்தார். வால்ட்டருக்கு எண்பது வயது, முதுகு நோ. துறைமுகத்தில் மாலுமிகளுக்கென்று ஒரு தங்குமிடம் இருக்கிறது. வெயில் நாடுகளிலிருந்து வரும் கப்பல்காரர்கள் ரப்பர் செருப்போடு பனிக்குள் இறங்குவார்களாம். அவர்களுக்குக் கொடுக்கக் குளிர்ச் சப்பாத்தும் கோட்டும் சேர்க்க, கோவில் முன்கூடத்தில் ஒரு பெரிய பெட்டி வைத்திருந்தார். அதை எடுத்துப்போக வேண்டியவர் வரவில்லை, கப்பலோ பின்னேரம் போகிறது.

“உன் கணவர் எப்படியும் வெளியே காரில்தானே இருக்கிறார்?” என்றார் வால்ட்டர் ஆங்கிலத்தில்.

நான் எழுந்து முன்கூடத்துக்குப் போனேன். பெட்டிக்குள் இரண்டு கோட்டு, நாலைந்து கழுத்துச் சால்வை, யாரோ மனமுவந்து கொடுத்த ஒற்றைப் பனிச்சறுக்குச் சப்பாத்து. ஆனால் பெட்டிக்குப் பக்கத்தில், சுவரோடு, ஒழுங்காக வரிசையில் வைத்த மூன்று சோடிச் சப்பாத்து! பெரிய மஞ்சள் சோடி ஒன்று, கறுப்பில் ரோமம் வைத்த சோடி ஒன்று, சின்ன ரோஸ் நிறச் சோடி ஒன்று. எல்லாம் புத்தம் புதிது. மூன்று சோடியும் மூக்கு வெளிவாசலைப் பார்த்தபடி இருந்தன.

வாசலில் மூக்கு வெளியே பார்க்கச் சப்பாத்து வரிசையைக் கண்டால் ஒரு தமிழ்ப் பெண் என்ன நினைக்கவேண்டும்? உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்று நினைக்கவேண்டும். பிறந்த நாளிலிருந்து என் கண் அதைத்தான் பார்த்திருக்கிறது. லாசாலில் எங்கள் சொந்த வீட்டு வாசலிலும் அப்படித்தான் கிடக்கும். ஆனால் திருகோணமலை டவுனில் எங்கள் கோவிலில் வாங்கு உண்டு, சப்பாத்தோடு போய்க் கால்மேல் கால் போட்டுக்கொண்டு இருப்போம். மட்டக்களப்புப் பக்கத்துச் சின்னக் கோவில்களில் பாய் விரித்துத் தரையில் இருப்பார்கள், செருப்பு வாசலோடு நின்றுவிடும் என்பது இந்த டவுன்காரியின் மூளையில் ஏறவேயில்லை. நான் நினைத்தது: ‘அடடா, பெட்டிக்குள் இடமில்லாமல் வெளியே அடுக்கி வைத்திருக்கிறார்கள். எவ்வளவு பண்பான மனிதர்கள்!’

கறுப்புச் சப்பாத்துக்குள் ஒரு சோடிக் கையுறை சுருட்டி வைத்திருந்தது. ‘கையுறையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்களே’ என்று உருகிப்போனேன். தவறிப்போகாமல் இருக்க ஒவ்வொரு சோடியையும் நாடாவால் சேர்த்துக் கட்டினேன். ரோஸ் சப்பாத்தை எந்த மாலுமி போடுவான் என்று ஒரு கணம் யோசித்தேன். பிள்ளைக்குக் கொண்டுபோவான் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். பிறகு, பெயர் தெரியாத அந்த நல்ல மனிதர்களுக்காக நின்ற இடத்திலேயே ஒரு சின்னச் செபம் பண்ணினேன். (அன்றைக்கு அவர்களுக்கு அது தேவையாகத்தான் இருந்தது.)

பெட்டியை இழுத்துக்கொண்டு காருக்குப் போனேன். சிவா வானொலியைக் குறைத்தார். மஞ்சள் சப்பாத்தைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இஞ்சருமப்பா, இது புதுசெல்லே. இப்பிடிச் சாமானும் தானம் குடுக்கினமோ? எனக்கும் அளவாத்தான் கிடக்குது. இதை நான் வைச்சுக்கொண்டு என்ரையைக் குடுத்துவிடட்டே?”

“கோவில் சாமான்! கையை வையாதையுங்கோ! கொண்டுபோய்க் குடுத்திட்டு வாங்கோ.”

என் வாழ்நாளில் அந்த மனிதர் சொன்ன ஒரே உருப்படியான யோசனையை நான் அன்றைக்குத்தான் தட்டினேன்.

திரும்பி வந்து அமர்ந்தேன். ஹெலன் பிரசங்கத்தில் இறங்கியிருந்தார். நடுவில் மலர் சாராவைக் கழிவறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அதற்கு முன்கூடத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். திரும்பி வந்தவள் அருளின் காதில் ஏதோ சொன்னாள். அருள் ஒரு தடவை வாசற்பக்கம் பார்த்தார். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டார், உதடு அசைந்தது. மலர் கைலேஞ்சியால் மூக்கைத் துடைத்தாள். பிரசங்கம் இவ்வளவு ஆழமாக இறங்குகிறதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ‘பிடித்துவிட்டேன், இனி இவர்கள் எங்கேயும் போகமாட்டார்கள்’ என்று நினைத்தேன். அது உண்மைதான். அவர்களால் எங்கேயும் போக முடியாது.

நற்கருணை எடுக்க வரிசையாக முன்னால் போனோம். நான் மலருக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றேன். ஹெலன் அப்பத் தட்டோடு வந்தவர் சட்டென்று நின்றார். அவர் பார்வை எங்களுக்குப் பின்னால், கீழே போனது. முகம் கனிந்தது. தட்டைப் பீடத்தில் வைத்துவிட்டு, குனிந்து தன் இரண்டு சப்பாத்தையும் கழற்றி ஓரமாக வைத்தார்.

“நாம் நிற்கும் இடம் பரிசுத்தமானது என்பதை இந்தப் புதிய நண்பர்கள் இன்று நமக்கு நினைவூட்டுகிறார்கள்” என்றார் ஆங்கிலத்தில், குரல் தழுதழுக்க. “விருப்பமானவர்கள் என்னோடு சேர்ந்துகொள்ளலாம்.”

என்ன பரிசுத்தம், என்ன நண்பர்கள் என்று நான் பக்கவாட்டில் பார்த்தேன். மலரின் கோட்டுக்குக் கீழே சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை. அதற்கப்பால் சாராவின் பூப்போட்ட காலுறை. அதற்கப்பால் அருளின் காலுறை, குதியில் ஒரு ஓட்டை. ஹெலன் அப்பத்தை என் கையில் வைத்தார். நான் வாயில் போட்டேன்.  மஞ்சள், கறுப்பு, ரோஸ் என்று ஒவ்வொன்றாக எனக்கு விளங்கியது. இரும்புத் தகடும் இரண்டு மணியும் கடைசியாக விளங்கின. இனி இந்தக் குடும்பம் என் முகத்திலேயே விழிக்காது, நான் சாகும்வரைக்கும் டோரதியோடுதான் இருக்கவேண்டும் என்று நினைத்தேன்.

இதற்கிடையில் கோவில் முழுவதும் சப்பாத்துக் கழற்றியது. இருபத்துமூன்று பேருக்கும் குனிவது லேசான காரியமில்லை. ஒருவர் சப்பாத்தை இன்னொருவர் பிடித்து இழுத்தார். வால்ட்டர் நாடாவை அவிழ்த்து முடிப்பதற்குள் ஓர்கன்காரி ஒரே பாட்டை மூன்று தடவை சுற்றி வாசித்துவிட்டாள். நானும் என் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு முன்கூடத்துக்கு ஓடி, தொலைபேசியை எடுத்தேன்.

“குடுத்திட்டன்” என்றார் சிவா பெருமையாக. “அங்க ஒரு பிரெஞ்சு மனுசி. மெர்சி மெர்சி எண்டு கையைப் பிடிச்ச பிடி விடேல்லை. இப்ப தமிழ்க்கடையில நிக்கிறன், முருங்கைக்காய் நல்லாக் கிடக்குது. வாங்கட்டே?”

“முருங்கைக்காயை விடுங்கோ! அது அந்தப் பிள்ளையளின்ர சப்பாத்து. உடனே போய்த் திருப்பி வாங்குங்கோ!”

“குடுத்த தானத்தைத் திருப்பிக் கேக்கிறதோ? எங்களை என்ன மனுசரெண்டு நினைப்பினம்?”

“அருளுக்கு ரெண்டு மணிக்கு வேலையப்பா! முதல் நாள்! போகாட்டி அந்த வேலை போச்சு!” என்று சொல்லும்போது நான் அழுதுவிட்டேன்.  கார் கதவு அடிபடும் சத்தம் கேட்டது.

நேரம் பன்னிரண்டு. அவர் வரும்வரைக்கும் இந்த மூன்று பேரையும் வாசற்பக்கம் போகவிடக் கூடாது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் முதல் நாள் வந்தவர்களிடம், ‘உங்கள் சப்பாத்தை நான்தான் கப்பலேற்றிவிட்டேன்’ என்று எந்த வாயால் சொல்வது? நான் அவர்களை வரவேற்கத் தொடங்கினேன்.

கீழே மண்டபத்துக்குக் கூட்டிப்போய் ரோல்ஸ் கொடுத்தேன். கருகாததைத் தேடித் தேடிக் கொடுத்தேன். ஆளுக்கு மூன்று கோப்பி. பிறகு மேலே கொண்டுபோய் ஞானஸ்நானத் தொட்டியைக் காட்டினேன். சுவரில் தொங்கிய பழைய பாதிரிமாரின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். மூன்றாவது படத்துக்குப் பிறகு பெயர்களை நானே வைத்தேன். ஓர்கனின் பின்பக்கத்தைக் காட்டினேன். கடைசியில் சூடாக்கும் பொயிலர் இருக்கும் அறைக்குக் கொண்டுபோய், “இதுதான் பொயிலர்” என்றேன். மூன்று பேரும் மரியாதையாகப் பொயிலரைப் பார்த்தார்கள்.

“நேரம் போகுதோ தங்கச்சி?” என்று நெஞ்சு பதறக் கேட்டேன்.

“இல்லக்கா, ஒரு அவசரமும் இல்ல. ஆறுதலாப் பாப்பம்” என்றாள் மலர்.

எனக்கு ஆச்சரியம். இவள் ‘போயித்து வாறம்’ என்று சொல்லத்தான் போகிறாள் என்று ஒவ்வொரு நிமிடமும் பயந்துகொண்டிருந்தேன். அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அருள் மட்டும் மண்டபத்து மணிக்கூட்டை அடிக்கடி பார்த்தார். பன்னிரண்டே முக்கால். நான் நாலாவது கோப்பியைக் கொடுத்தேன். அவர் அதையும் வாங்கிக் குடித்தார். ஹெலன் யாரையும் சப்பாத்துப் போடவிடவில்லை. இன்றைக்கு எல்லோரும் இப்படியே ஒன்றாக இருப்போம் என்று சொல்லிவிட்டார். மண்டபம் முழுக்கக் காலுறையோடு கிழவர்கள் கோப்பிக் கோப்பையுடன் வழுக்கி வழுக்கி நடந்தார்கள். வால்ட்டரின் காலுறை இரண்டும் இரண்டு நிறம்.

ஒன்றே காலுக்கு மண்டபக் கதவு திறந்தது. நான்கு வருடத்துக்கு மேலாகக் கோவில் படி ஏறாத சிவநேசன் உள்ளே வந்தார். நெற்றியில் காலையில் பூசிய திருநீறு, கழுத்தில் மூன்று சோடிச் சப்பாத்து மாலையாகத் தொங்கியது. (நாடாவைச் சேர்த்துக் கட்டும் யோசனை என்னுடையதுதானே.) அவருடைய சொந்தக் காலில் சப்பாத்து இல்லை. காலுறையில் பனி அப்பியிருந்தது. இரண்டடி வைத்தவர் அப்படியே நின்றார். மண்டபத்தை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பார்த்தார். இருபத்துமூன்று சோடி வெறும் காலுறை. பிறகு என்னைப் பார்த்து, மண்டபம் அதிரக் கேட்டார்:

“இஞ்சருமப்பா! எல்லாற்ற சப்பாத்தையும் எடுத்திட்டீரோ?”

தமிழ் விளங்கிய மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தமிழ் விளங்காத ஹெலன் ஓடிப்போய், இந்தக் குளிரில் காலுறையோடு பனியில் நடந்து வந்த பக்தரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். சிவா, “போன்ழூர், போன்ழூர்” என்று அவருக்குத் தலையாட்டிக்கொண்டே கண்ணால் என்னை முறைத்தார்.

நான் மலரின் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, வால்ட்டர், நாடா, செபம், கப்பல், எல்லாம். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, பொயிலர் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். முடித்தேன். நிமிர்ந்து பார்த்தால் மலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நாங்க களவு போயித்தெண்டு நினைச்ச!”

“என்ன?”

“நடுவில இவளைக் கூட்டிக்கொண்டு போகக்குள்ள பாத்தன், மூண்டு சோடியும் இல்ல. இவருக்கிட்ட சொன்னன். கோவில் வாசல்ல செருப்பு களவு போற எங்களுக்கு என்ன புதுசா? ஊரிலயும் நடக்கிறதுதானே.”

“பேந்து ஏன் சொல்லேல்லை?”

அருள்தான் பதில் சொன்னார். அவர் அன்று வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை.

“முதல் நாள் வந்த கோவில்ல போய், உங்கட கோவில்ல கள்ளர் இருக்காங்க எண்டு எப்பிடியக்கா சொல்ற? நீங்க எவ்வளவு ஆசையா எல்லாத்தையும் காட்டுறீங்க. பொயிலரையும் காட்டினீங்க. உங்களுக்கு வெக்கமாப் போயிருமே. அதான் எல்லாரும் போன பிறகு, அந்தப் பொயிலர் அறைச் சாமானுக்குள்ள ஏதும் பழைய சப்பாத்துக் கிடக்குதா எண்டு பாப்பமெண்டு இருந்த.”

அதாவது, நான் அவர்களைப் போகவிடாமல் ஒன்றேகால் மணித்தியாலம் பிடித்து வைத்திருந்தேன். அவர்கள் என்னை வெட்கப்படுத்தாமல் இருக்க ஒன்றேகால் மணித்தியாலம் பிடிபட்டிருந்தார்கள். ஐந்து மாதத்தில் கிடைத்த முதல் வேலை கையைவிட்டுப் போகிறது என்று தெரிந்துகொண்டே அந்த மனிதர் நாலு கோப்பி குடித்திருக்கிறார். எனக்கு அப்போதுதான் உண்மையாகவே வெட்கம் வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் மூக்கால் ஏதோ ஒரு சத்தம் போட்டேன்.

“வெக்கப்பட்டது காணும், ஆளை ஏத்துங்கோ காரில, ஒண்டரையாகுது” என்றார் சிவா.

காரில் போகும்போது சிவா துறைமுகக் கதையைச் சொன்னார். மலரின் சப்பாத்தும் சாராவின் சப்பாத்தும் மேசையிலேயே கிடந்தனவாம். மஞ்சள் சப்பாத்து மட்டும் ஒரு பிலிப்பைன்ஸ் மாலுமியின் காலில் ஏறி, வாசல் தாண்டிப் போய்க்கொண்டிருந்ததாம். இவர் தனக்குத் தெரிந்த பத்துப் பிரெஞ்சுச் சொல்லையும் ஒன்றாகக் கத்திக்கொண்டு பின்னால் ஓடியிருக்கிறார். அந்த மனிதனுக்கும் பிரெஞ்சு தெரியாது. கடைசியில் இவர் பனியில் குந்தியிருந்து, தன் சப்பாத்தைக் கழற்றி நீட்டினாராம். அவன் போட்டுப் பார்த்துவிட்டு, இதுதான் திறம் என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினானாம்.

“ஓமப்பா, திறமாத்தான் இருக்கும்” என்றார் சிவா. “நான் வாங்கி ரெண்டு கிழமை.”

இரண்டு மணிக்கு நாலு நிமிடம் இருக்கும்போது அருள் மஞ்சள் சப்பாத்தோடு களஞ்சியக் கதவுக்குள் போனார். கதவு மூடும்வரைக்கும் நாங்கள் நாலு பேரும் காரில் மூச்சுவிடாமல் இருந்தோம்.

இது நடந்து பன்னிரண்டு வருடம். அருள் இப்போது அந்தக் களஞ்சியத்தில் மேற்பார்வையாளர். கோவிலில், வால்ட்டர் இருந்த நிர்வாகி இடத்தில் இருக்கிறார். அவர் பதவியேற்றதும் செய்த முதல் வேலை, முன்கூடத்தில் சப்பாத்து வைக்க ஒரு மரத் தட்டு அடித்ததுதான். அதற்கும் மாலுமிப் பெட்டிக்கும் இடையில் ஒரு முழுச் சுவர் தூரம் இருக்கிறது. புதியவர்களை வரவேற்கும் பொறுப்பு இன்னும் என்னிடம்தான். ஆனால் நான் முன்கூடத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் நின்றால், “அக்கா, ரோல்ஸ் கருகுது” என்று அருள் என்னைக் கீழே அனுப்பிவிடுவார். ஹெலன் ஓய்வுபெற்றுப் போனபோது கொடுத்த கடைசிப் பிரசங்கத்தில்கூட, தமிழர்கள் தனக்குக் கற்றுத்தந்த அந்தப் பரிசுத்த வழக்கத்தைப் பற்றிக் கண்ணீர் விட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உண்மையை யாரும் அவருக்குச் சொல்லவில்லை, இனிச் சொல்லப்போவதும் இல்லை.

சிவா மட்டும் விடமாட்டார். எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், ரொக்ஸ்பரோவிலிருந்து வரும் அவருடைய சொந்தத் தமக்கை என்றாலும், வாசலில் குனிந்து சப்பாத்தைக் கழற்றும்போது அவர் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்: “கையோட உள்ளுக்குக் கொண்டு வாங்கோ! மனுசி வீட்டில நிக்கிறா, துறைமுகத்தில கப்பலும் நிக்குது.” குளிர்காலம் தொடங்கினால் இன்னொன்றும் சொல்வார்: “என்ர சப்பாத்து இப்ப எந்த நாட்டில நடக்குதோ!”

மலர் இன்றைக்கும் மூன்றாவது வாங்கில் என் பக்கத்தில்தான் இருக்கிறாள். சப்பாத்தைக் கழற்றாமல் அவளுக்குச் செபம் வராது. ஆனால் கணவர் அடித்த தட்டில் அவள் ஒரு நாளும் வைத்ததில்லை. கையோடு உள்ளே கொண்டுவந்து வாங்குக்குக் கீழே வைப்பாள். பாட்டுத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு, உரத்து, தமிழில் பாடுவாள். நானும் பாடுவேன். பாடும்போது அவள் உலகத்தையே மறந்துவிடுவாள், ஆனால் ஒரு காலை மட்டும் சப்பாத்தின் மேலிருந்து எடுக்கமாட்டாள்.